பாஸ் எடுப்பமா, வரிசையில நிப்பமா?

(ரொக்ஸ்பரோ சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். கேள்வி நேரத்தில் கதைத்ததில் கொஞ்சம் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.)



நான் பேசப்போகிற விசயத்தைக் கேட்டு இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே சிரித்துவிட்டினம். "லா றோண்டுக்குப் போறதுக்கும் ஒரு கருத்தரங்கோ?" எண்டு ஒரு மாமா வாசலிலயே கேட்டவர். ஆனால் எங்கட வட்ஸ்அப் குழுவைப் பார்த்தவைக்குத் தெரியும், இந்த வருசம் வேறெந்த விவாதத்திலும் இவ்வளவு சூடு இருக்கவில்லை. ஆடி மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். 34 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று குடும்பங்கள், வரிசையைத் தாண்டிப் போகிற பாஸை முன்கூட்டியே எடுப்பம் என்கின்றன. மற்றச் சில குடும்பங்கள் வாசல் ரிக்கற்றுக்கே கணக்குப் பார்க்கின்றன. "ஏலுமானவை எடுக்கட்டுமன், அதில மற்றவைக்கு என்ன நட்டம்?" என்று ஒருவர் எழுத, அதோட தொடங்கினது சண்டை.

அந்தக் கேள்வி நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையாக மறுமொழி சொல்லவேண்டும். நட்டம் இருக்கிறது. அதை எண்ணிக் காட்டலாம்.

நான் இரண்டு கோடை ஒரு கேளிக்கைப் பூங்காவில் வேலை செய்தனான். எந்தப் பூங்கா என்பது இங்க தேவையில்லை. சாதாரண வரிசையும் பாஸ்காரரின் வேகப்பாதையும் வந்து சேருகிற இடத்தில் நின்று, இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர் என்று விடுகிறதுதான் வேலை. பார்த்தால் போக்குவரத்துப் பொலிஸ் மாதிரி. அந்த இடத்தில் நின்றால் முழு அமைப்பும் வடிவா விளங்கும்.

ஒரு றோலர் கோஸ்ரர் மணித்தியாலத்துக்கு 1,000 பேரை ஏற்றும் என்று வையுங்கோ. கணக்குக்காக நான் எடுத்த எண். சாதாரண வரிசையில் உங்களுக்கு முன்னால் 1,000 பேர் நிற்கினம். வேகப்பாதை இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் ஏறிவிடுவீர்கள். இப்போது வேகப்பாதை திறக்கிறது. மணித்தியாலத்துக்கு 600 இருக்கைகள் அதுக்குப் போகின்றன. உங்கள் வரிசைக்கு மிச்சம் 400. அதே 1,000 பேர் ஏறி முடிய இரண்டரை மணித்தியாலம். ரைட் முந்தி ஓடின வேகத்தில்தான் ஓடுது, ஒரு இருக்கைகூடக் கூடவில்லை. அப்ப உங்களுக்குக் கூடின ஒன்றரை மணித்தியாலம் எங்கேயிருந்து வந்தது? பாஸ் வைத்திருந்தவர் மிச்சம் பிடித்த நேரம் உங்கள் தலையில் இறங்கியிருக்கு. பூங்கா ஒரு நிமிசத்தைக்கூட உற்பத்தி செய்யவில்லை. உங்கட நேரத்தை எடுத்து அவருக்கு வித்திருக்கிறது. காசு பூங்காவுக்கு, நேரம் அவருக்கு, வெயில் உங்களுக்கு.

இன்னொரு நுட்பமும் இருக்கு. முன்பதிவு செய்தவர் வரிசையில் நிற்கத் தேவையில்லை என்பதால், தன் நேரம் வரும்வரைக்கும் சும்மா இருக்கமாட்டார். போய் வேறொரு வரிசையில் நிற்பார். ஒரு உடம்பு, இரண்டு வரிசை. இதனால்தான் பாஸ் விற்காத சின்ன ரைட்டுகளில்கூட வரிசை நீளும். "வரிசையைக் குறைக்கத்தானே முன்பதிவு" என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கிறதில்லை.

வேகப்பாதைக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதமும் உண்டு, அதையும் சொல்லவேணும். பாஸுக்குக் காசு கொடுக்கிறவர்களால்தான் மற்றவர்களின் வாசல் ரிக்கற் மலிவாக இருக்கிறது, விமானத்தில் பிசினஸ் கிளாஸ்காரர் கொடுக்கிற காசில் நாங்கள் பின்னால் இருந்து மலிவாகப் போகிற மாதிரி, என்பார்கள். அரைவாசி உண்மை இருக்கலாம். ஆனால் முன் இருக்கையில் ஒருவர் காலை நீட்டிப் படுத்தார் என்பதற்காக கொழும்புக்குப் போகிற என் விமானம் நாலு மணித்தியாலம் பிந்தி இறங்குவதில்லை. வேகப்பாதையில் நடப்பது அதுதான்.

இது எப்பவும் இப்படி இருந்ததா? இல்லை. கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் 1955 இல் திறந்தபோது ஒவ்வொரு ரைட்டுக்கும் தனித்தனிக் காசு. கொஞ்ச மாதத்தில் கூப்பன் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்து, 1959 இல் ஈ வரைக்கும் போனது. ஈ கூப்பன்தான் ஆக நல்ல ரைட்டுகளுக்கு. 1982 இல் அதை நிறுத்தி, வாசலில் ஒரு விலை, உள்ளுக்குள் எல்லாம் ஒன்று என்ற முறைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு உள்ளே காசுக்குப் பெறுமதி இல்லை. கோடீஸ்வரன் பிள்ளையும் கடைக்காரன் பிள்ளையும் ஒரே வளைவில் நிற்கவேண்டியிருந்தது. 1999 இல் ஃபாஸ்ற்பாஸ் வந்தது. அது இலவசம். இயந்திரத்தில் ரிக்கற்றைப் போட்டால், இன்ன மணிக்கு வா என்று ஒரு கடதாசி தரும். குடும்பத்தின் எல்லா ரிக்கற்றையும் கையில் பிடித்துக்கொண்டு அப்பாமார் பூங்காவின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு ஓடினது அந்தக் காலத்தில்தான். பிறகு கடதாசி போய் தொலைபேசி வந்தது. புளோரிடாவில் மூன்று ரைட்டுகளை முன்கூட்டியே பதியலாம்: டிஸ்னியின் ஹோட்டலில் தங்குகிறவருக்கு 60 நாளுக்கு முதல், மற்றவருக்கு 30 நாளுக்கு முதல். 2021 இல் இலவசமும் போனது. முதல் விலை புளோரிடாவில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டொலர். 2024 இல், நினைத்த நேரம் ஒவ்வொரு வேகப்பாதையாலும் ஒருமுறை போகிற பாஸுக்கு, மஜிக் கிங்டம் பூங்காவில், கூட்டமான நாளில் 449 அமெரிக்க டொலர் வரை விலை போட்டார்கள். வாசல் ரிக்கற் அதற்குப் புறம்பு. ஆக, ஈ கூப்பன் திரும்பி வந்துவிட்டது, இந்த முறை வாசல் காசும் சேர்த்து.

எங்கட மொன்றியல் கதை கொஞ்சம் வேறு. லா றோண்ட் ஒரு கம்பனி கட்டினது இல்லை. எக்ஸ்போ 67 க்காக, சென் லோறன்ஸ் ஆற்றில் தீவைப் பெருப்பித்து, மெட்ரோ தோண்டின மண்ணையும் கொண்டுபோய்க் கொட்டி, பொதுக்காசில் எழுப்பினது. 1967 சித்திரையில் திறந்தது. உலகக் கண்காட்சி முடிந்த பிறகும் நகரத்தின் கையிலேயே முப்பது வருசத்துக்கு மேல் இருந்தது. இரட்டைத் தண்டவாளத்தில் ஓடுகிற மரக் கோஸ்ரர், லு மொன்ஸ்த்ர், 1985 இல் வந்ததும் அந்தக் காலத்தில்தான். 2001 இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி ரைட்டுகளையும் கட்டடங்களையும் வாங்கியது. நிலம் நகரத்தினுடையது, நீண்டகாலக் குத்தகை. ஆகவே நாங்கள் அங்கே வரிசையில் நிற்கிற தரை பொதுத் தரை என்பதை மனதில் வைத்திருங்கோ.

சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களில் பல வருசம் விற்றது ஃப்ளாஷ் பாஸ். அதில் ஒரு விசயம் எனக்குப் பிடிக்கும். அதன் ஆகக் குறைந்த தரத்தில், உங்களுக்குப் பதிலாக ஒரு சின்னக் கருவி, பிறகு தொலைபேசி, வரிசையில் 'நின்றது'. சாதாரண வரிசை ஒரு மணித்தியாலம் என்றால் உங்களுக்கும் ஒரு மணித்தியாலம்தான், ஆனால் நிழலில் இருந்து காத்திருக்கலாம். அதற்கு மேல் கோல்ட், பிளாட்டினம். கோல்ட் வாங்கினால் காத்திருப்பு பாதி வரை குறையும், பிளாட்டினம் வாங்கினால் 90 சதவீதம் வரை. முதலாவது, கால் நோகாமல் இருக்கக் கொடுக்கிற காசு. மற்ற இரண்டும் முன்னால் நிற்கிறவரைத் தாண்டக் கொடுக்கிற காசு. ஒரே பெயரில், ஒரே கடையில் இரண்டு வேறுபட்ட சாமானை விற்றிருக்கிறார்கள். முதலாவதை எல்லாருக்கும் இலவசமாகவே கொடுக்கலாம், பெரிய அநியாயம் நடக்காது. அதை ஏன் காசுக்கு விற்றார்கள் என்று கேட்டால், மற்ற இரண்டும் மலிவாகத் தெரிவதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

அப்ப இலவச முன்பதிவு என்றால் நியாயமா? பெடியள் கேட்பினம். இலவசமாக இருந்த காலத்திலும் அது சமமாக இருக்கவில்லை. காலை ஏழு மணிக்குப் பதிவு திறக்கிறது என்றால், ஏழு மணிக்கு யார் தொலைபேசியோடு இருக்கலாம்? இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த நேரம் இரவு வேலை முடித்து 68ஆம் நம்பர் பஸ்ஸில் கண்ணாடியில் தலை சாய்த்து நித்திரை? கிரெடிட் கார்ட் வேணும், நல்ல டேட்டா வேணும், ஆங்கிலமோ பிரெஞ்சோ வேகமாக வாசிக்கத் தெரியவேணும். அந்த வேலையை வீட்டில் யார் செய்கிறது என்றும் கேட்கவேணும். எங்கட வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைதான் அம்மாவுக்கு எல்லா விண்ணப்பமும் நிரப்புறது.

உத்திகள் இருக்கின்றன. எனக்கு நிறையத் தெரியும், ஒளிக்கவில்லை. முதல் பதிவை ஆக நேரத்துக்கு எடு, ஏனென்றால் அதைப் பாவித்து முடிந்ததும் அடுத்ததைப் பதியலாம். கூட்டம் கூடின, ஆனால் குறைந்த ஆட்களை ஏற்றுகிற ரைட்டுக்குத்தான் பாஸை வீணாக்கு, பெரிய அரங்கக் காட்சிகளுக்கு வேண்டாம். திரையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிரு, யாராவது விட்ட இடம் வரும். எல்லாம் வேலை செய்யும். ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் வேலை செய்யாது. எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அங்கேதான். எல்லாரும் செய்தால் செத்துப்போகிற உத்தி, மற்றவருக்குத் தெரியாது என்பதிலிருந்துதான் லாபம் எடுக்குது.

எல்லா உத்தியும் அப்படி இல்லை. தனி ஆள் வரிசை இருக்கிற ரைட்டில், நாலு பேர் இருக்கையில் மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால், மிஞ்சின ஒன்றில் தனியாக வந்தவரை ஏற்றுவார்கள். வெறுமனே ஓடப்போகிற இருக்கை அது. யாருடைய நேரமும் போகவில்லை. கைக்குழந்தையோடு வருகிற தாய் தகப்பனில் ஒருவர் ஏறி இறங்க, மற்றவர் திரும்ப வரிசையில் நிற்காமல் ஏறுகிற ஒழுங்கும் பல பூங்காக்களில் உண்டு. அதிலும் களவில்லை. இருவரும் சேர்ந்து வந்திருந்தாலும் இரண்டு இருக்கைதானே. கதவு திறக்க முதல் போய் நிற்கிறதும் நியாயமான உத்திதான், ஆனால் காரில் போகிறவருக்குத்தான் அது வசதியாக இருந்தது. போன கார்த்திகையில் ரெம் ரெயின் இந்தப் பக்கம் ஓடத் தொடங்கின பிறகு எங்களுக்கும் கொஞ்சம் கைகூடி வருது. பியர்ஃபொன்ட்ஸ்-ரொக்ஸ்பரோவில் ஏறி மக்கில்லில் இறங்கி, பச்சைக் கோட்டில் பெரி-யூகாம், அங்கேயிருந்து மஞ்சள் கோட்டில் ஒரே ஒரு தரிப்பு. பழைய ரெயினை 2020 மார்கழியோடு நிறுத்திவிட்டு ஐந்து வருசம் எங்களை பஸ்ஸில் அலைய விட்டவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஊர் வழக்கத்தில் இதையெல்லாம் எப்படிப் பார்த்திருப்பார்கள்? "பந்திக்கு முந்து" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த சனம் நாங்கள். பஸ் யன்னலுக்குள்ளால் துவாயைப் போட்டு சீற் பிடிக்கிற கலையில் எங்களை வெல்ல ஆளில்லை. (பூங்காவில் அதைச் செய்யவேண்டாம். வரிசையில் ஒருவரை நிறுத்திவிட்டுப் பிறகு பத்துப் பேர் போய்ச் சேர்ந்தால் வெளியே அனுப்புவார்கள். அனுப்புகிற வேலை நான் செய்தது.) ஆனால் அதே சனத்துக்கு சங்கக்கடையும் கூப்பனும் தெரியும். ஒரு வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பங்கு. காசு கூட வைத்திருக்கிறவனுக்குக் கூடச் சீனி இல்லை. அங்கேயும் செல்வாக்கு உள்ளவன் வாங்கினான், ஆனால் பின்கதவால் வாங்கினான். சனம் பார்த்தால் வெட்கப்பட்டான். இன்றைக்கு அந்தப் பின்கதவை முன்பக்கம் கொண்டுவந்து, பொன்னிறத்தில் வளைவு கட்டி, விலைப்பலகையும் போட்டிருக்கிறார்கள். வெட்கம் இப்போது சாதாரண வரிசையில் நிற்கிறவருக்கு.

2022 இல் இலங்கையில் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டதும், அதில் காத்திருந்தே சிலர் இறந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருசம் ஆடி மாதம் கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கார் வைத்திருப்பவனுக்கு ஐந்து மடங்கு என்பது நியாயமா என்று கேட்கலாம், கேட்கவேணும். ஆனாலும் காசால் அளவைக் கூட்டமுடியாது என்ற விதி வந்ததும் வரிசைகள் குறுகின. பிறகு அதே வருசம், வெளிநாட்டுக் காசில் முன்பணம் கட்டுகிற சுற்றுலாப் பயணிகளுக்குத் தனிப் பாஸும் வந்தது. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டது, அது விளங்குது. ஆனால் அந்தப் பாஸோடு ஊருக்குப் போகக்கூடியவர்கள் யார்? நாங்கள்தான். எனக்கு இந்த விசயத்தில் அக்கறை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாங்கள் இங்கே சாதாரண வரிசை, அங்கே பிளாட்டினம்.

கோயிலைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். யார் வந்தாலும் அதுதான். அங்கே பெரிய ஆளுக்காகப் பூசை பிந்துவதில்லை என்று பக்தி இல்லாத எங்கட தோழர்கள்கூடப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். திருப்பதியில் 300 ரூபாய் விசேட தரிசனத்தை இணையத்தில் மாதக்கணக்குக்கு முதலே பதியலாம். காசில்லாதவர், இணையம் தெரியாதவர், நேரில் போய் இலவச டோக்கனுக்கு நிற்கவேணும். 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசிக்கான டோக்கன் வாங்க வந்த கூட்டத்தில் நெரிபட்டு 6 பேர் இறந்தார்கள். முன்பதிவு என்பது வசதி மட்டுமே என்று யாரும் சொன்னால் இந்த ஆறு பேரைச் சொல்லுங்கோ. அந்த இரவு, பதிவு செய்திருந்தவர் யாரும் அந்தக் கூட்டத்துக்குள் நிற்கத் தேவை இருக்கவில்லை.

இதில் இன்னொன்றும் சொல்லவேணும், இல்லாட்டில் நாங்கள் பழைய காலத்தை வெறுமனே புகழ்கிறவர்களாகிவிடுவம். வரிசையில் சமம் என்பதற்கு முதல், வரிசைக்குள் விடவேணும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போகப் போராடினபோது, வழிமறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கினவர் சி. சுந்தரலிங்கம், முன்னாள் அமைச்சர். கணிதப் பேராசிரியர் வேறு. ஒரு ரூபாய்ச் சீட்டு எல்லாருக்கும் ஒன்று என்று பெருமைப்படும்போது, 'எல்லாருக்கும்' என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள் என்றும் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கவேணும்.

அந்தப் பழக்கத்தோடு பூங்காவுக்குத் திரும்பி வந்தால், இண்டைக்கு வரிசைக்குள்ளேயே வரமுடியாமல் இருப்பவர்கள் மாற்றுத்திறன் உள்ளவர்கள். எங்கட குழுவிலேயே ஒரு அக்காவின் மகனுக்கு ஆட்டிசம் இருக்கு. சத்தமான, நெருக்கமான வரிசையில் ஒரு மணித்தியாலம் அவனால் நிற்கமுடியாது. அவனுக்கு வேகப்பாதை சொகுசு இல்லை. அது இல்லாவிட்டால் அவன் வரவே மாட்டான். டிஸ்னியில் இப்படியானவர்களுக்கு இலவச ஒழுங்கு இருந்தது. 2013 இல், நியூயோர்க்கின் சில பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறன் உள்ளவர்களை மணித்தியாலக் கூலிக்குப் பிடித்து, அவர்களின் பெயரில் வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அந்த வருசமே விதி இறுகியது. 2024 இல் இன்னும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு முதன்மையாக என்று சுருக்கினார்கள். நாட்பட்ட வருத்தத்தால் நீண்டநேரம் நிற்க ஏலாத பலர் வெளியே விழுந்தார்கள். களவெடுத்தது காசுள்ளவன், தண்டனை வருத்தக்காரருக்கு. உதவித்தொகை அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கிற அதே கதை.

சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களில் அணுகல் அட்டை ஒன்றுக்கு இணையத்தில் சில நாள் முதலே, மருத்துவ ஆவணத்தோடு பதியவேண்டியிருந்தது. அது இலவசம். ஆனால் அதுவும் ஒரு முன்பதிவுதானே. ஆவணம் தேட, தரவேற்ற, தொலைபேசியில் கதைக்க ஒரு ஆள் வேணும். அந்த வேலையை அந்த அக்கா தனிய செய்யக்கூடாது. நாங்கள் செய்யவேணும்.

"பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒரு கியூபெக் உதாரணம். 2005 ஆனியில் கனடா உயர் நீதிமன்றம் சவுலி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இடுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு நீண்டகாலம் காத்திருந்த ஒரு நோயாளியும் சவுலி என்ற மருத்துவரும் போட்ட வழக்கு. பொது மருத்துவத்தில் வரிசை இவ்வளவு நீளமாக இருக்கும்போது தனியார் காப்புறுதியைத் தடைசெய்வது கியூபெக் உரிமைச் சாசனத்துக்கு முரண் என்று நாலுக்கு மூன்று பெரும்பான்மையில் முடிவு. அந்த நோயாளியின் வலி உண்மையானது. ஆனால் கணக்கு அதே கணக்கு. மருத்துவர் தொகை கூடாமல் வேகப்பாதை மட்டும் திறந்தால், அங்கே போகிற ஒவ்வொரு மருத்துவரின் மணித்தியாலமும் இந்த வரிசையிலிருந்து போகுது. குடும்ப மருத்துவருக்காக வருசக்கணக்காகப் பட்டியலில் இருக்கிற ஆட்கள் இந்த மண்டபத்திலும் இருக்கினம். ஆறு வயதில் பொன் வளைவுக்குள்ளால் போய்ப் பழகின பிள்ளை முப்பது வயதில் இதை அநியாயமாகப் பார்க்குமா? என் சந்தேகம் அவ்வளவுதான்.

சரி, ஆடி மாதத்துக்கு வருவம். "போகவே வேண்டாம், புறக்கணிப்பம்" என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். அதைப் பிள்ளைகளிடம் அவரே சொல்லட்டும். என் முன்மொழிவு இது. சேர்ந்து போகிற அன்றைக்கு ஒருவரும் தாண்டுகிற பாஸ் எடுக்கவேண்டாம். தனிய உங்கட குடும்பத்தோட போகிற நாளில் எடுக்கிறது உங்கட விருப்பம், நான் தடுக்கமாட்டன். ஆனால் ஒரே வானில் வந்து இறங்கின பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் ஒரு கதவாலும் ஏழு பேர் மற்றக் கதவாலும் போனால், மாலையில் வீட்டுக்கு வரும்போது அவர்களுக்கு விளங்கியிருக்கும், நாங்கள் சனிக்கிழமைகளில் இங்க பேசுறதெல்லாம் சும்மா என்று. பாஸுக்கு ஒதுக்க நினைத்த காசைப் பொதுப் பெட்டியில் போட்டால், ரிக்கற் கட்ட ஏலாத குடும்பங்களின் வாசல் காசுக்குப் போதும். அணுகல் அட்டைக்கு இரண்டு பேர் பொறுப்பெடுக்கிறம். கதவு திறக்க முதல் நிற்கிற மாதிரி ரெயின் பிடிக்கிறம். பெரிய ரைட் இரண்டை முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடித்தால், மத்தியானக் கூட்டத்தில் சின்ன ரைட்டுகளும் நிழலும். எதை முதலில் என்பதில் பிள்ளைகள் அடிபட்டால், சீட்டு எழுதிக் குலுக்குவம். திருப்பதியிலேயே சில சேவைகளுக்குக் குலுக்கல்தான். எங்களுக்கு என்ன குறை?

இனிக் கேள்வி நேரத்தில் வந்தவை.

ஒரு தம்பி, பன்னிரண்டு வயதிருக்கும், கேட்டார்: "அப்ப நான் கோலியாத் ரெண்டு தரம் ஏறேலாதோ?" ஏறலாம். காலையில் ஒன்று, பூட்டப்போகிற நேரத்தில் ஒன்று. பூட்டுகிற நேரத்துக்கு முதல் வரிசைக்குள் போனவர்களை ஏற்றி முடிப்பதுதான் பல பூங்காக்களில் வழக்கம், வேலை செய்கிற எங்களுக்கு அது பிடிக்காவிட்டாலும். வேலையாட்களோடு மரியாதையாகக் கதையுங்கோ என்றும் சொன்னேன். சேருகிற இடத்தில் நிற்கிற ஆளில்தான் சனத்தின் கோபம் முழுக்க விழும். விலை போட்டவர் அந்த வெயிலில் நிற்கமாட்டார்.

பாஸ் எடுக்க நினைத்த குடும்பத்தில் ஒரு அண்ணை நியாயமாகக் கேட்டார்: "எனக்கு வருசத்தில ரெண்டு கிழமைதான் லீவு. பிள்ளையோட நிக்கிற ஒரு நாளை வரிசையில விடச் சொல்லுறீரோ?" இதற்கு என்னிடம் முழு மறுமொழி இல்லை. அவர் பணக்காரர் இல்லை. அவருக்கு இல்லாதது நேரம், அதையும் ஒரு முதலாளிதான் எடுத்திருக்கிறான். வேகப்பாதையில் நிற்கிற பாதிப் பேர் அவரைப் போலத்தான். லீவு கூட வேணும் என்று கேட்கிறதை விட்டுட்டு, தன்னைப் போல இன்னொரு தகப்பனிடமிருந்து ஒன்றரை மணித்தியாலத்தை வாங்கவேண்டியிருக்கே என்றுதான் சொன்னேன். அவர் சிரித்தார், ஒத்துக்கொண்டார் என்று எழுதமாட்டேன்.

கடைசியாக ஒரு அன்ரி: "பிள்ளை, நான் ஒண்டிலயும் ஏறமாட்டன். போன முறையும் எல்லாற்ற பையையும் வச்சுக்கொண்டு வாங்கில இருந்தனான். எனக்கு இந்தக் கதையில எங்க இடம்?" வரிசையில் நிற்காமல் நாள் முழுக்கக் காத்திருக்கிறவர்கள் அவர்கள், எங்கட அம்மாமார். அவர்களின் நேரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை, என்ட 1,000 பேர் கணக்கிலும்தான். இந்த முறை பை பார்க்கிறதுக்கு அட்டவணை போடுறம். ஆளுக்கு முக்கால் மணித்தியாலம், அப்பாமார் முதல். அன்ரி சக்கர ராட்டினத்தில் மட்டும் ஏறுவாவாம். பெயர் கொடுக்க விரும்புகிற அப்பாமார் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதலாம். இதுவரைக்கும் இரண்டு பேர்.